ஜப்பான் வேலையும் ஜப்பான் மாப்பிள்ளையும்



பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கடல் கடந்த பிழைப்பு புதிதன்று. செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த காலத்திலேயே இந்த வட்டாரத்து முஸ்லிம்களும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். பின்னர் வளைகுடா வந்தது. எந்தத் திசையாயினும் சென்றவன் ஆண். சபுராளி என்று நாம் சொல்லும்போது நம் மனக்கண்ணில் ஒரு பெண் வந்து நிற்பதில்லை. அவளுக்கு வாய்த்தவை காத்திருப்பும் கடிதமும், பிற்காலத்தில் கைப்பேசியும்தான்.

இப்போது நம் வீடுகளில் ஜப்பான் என்ற பெயர் அடிக்கடி கேட்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஐந்தாண்டுகளில் இருநாடுகளுக்குமிடையே 5 லட்சம் பேர் வந்துபோக வேண்டும். அவர்களுள் 50 ஆயிரம் பேர் இங்கிருந்து அங்குச் செல்லும் திறன் பெற்ற இந்தியர்களாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. பொறியியல் படித்த நம் பெண்பிள்ளைகளுள் சிலர் சென்னைக்குச் சென்று ஜப்பானிய மொழித் தேர்வு எழுதுகிறார்கள். திருமணத் தரகர்களின் பட்டியலிலும், சவூதி மாப்பிள்ளை, சிங்கப்பூர் மாப்பிள்ளை என்பவற்றுக்குக் கீழே, ஜப்பான் மாப்பிள்ளை என்றொரு வகை சேர்ந்திருக்கிறது.

மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் பெற்றோர் இரண்டு விதமாக வருகிறார்கள். "ஹஜ்ரத், பிள்ளைக்கு டோக்கியோவில் அலுவலக வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?" என்று கேட்பவர்கள் முதல் வகையினர். அவர்கள் முகத்தில் அச்சம் இருக்கும். "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஜப்பானிலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது, துஆ செய்யுங்கள்" என்று சொல்பவர்கள் இரண்டாம் வகையினர். அவர்கள் கையில் இனிப்புப் பெட்டி இருக்கும். முதலாவது குடும்பம் நூறு கேள்வி கேட்கிறது. இரண்டாவது குடும்பம் சம்பளம் எவ்வளவு என்ற ஒன்றோடு நின்றுவிடுகிறது. அந்த நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் சற்று அறிந்தவர் எவரும், அதிகக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியது இரண்டாவது இடத்தில்தான் என்பார். நம் கருத்தும் அதுவே.

முதலில் வேலையைப் பார்ப்போம். பட்டப்படிப்பு முடித்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அங்கே அலுவலகப் பணிக்குச் செல்வதாயின், பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், கணக்கர் போன்றோருக்கென உள்ள வேலை விசாவில் செல்வாள். அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குத் தரப்படும் சம்பளத்துக்குக் குறையாமல் அவளுக்குத் தர வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. அந்த விசா அவளுடைய சொந்தப் பெயரில், சொந்தத் தகுதியின் பேரில் வழங்கப்படுகிறது. கம்பெனி பிடிக்கவில்லை எனில், அதே வகையைச் சேர்ந்த வேறு வேலைக்கு அவள் மாறிக்கொள்ளலாம். மாறியதை 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும். வளைகுடாவின் கஃபீல் முறையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால் அங்குள்ள அலுவலகம் பெண்ணுக்கு மலர்ப்பாதை என்று எவரும் எண்ண வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு என்ற சட்டம் அங்கு 1985-இல் இயற்றப்பட்டு 1986-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பணியாளரை இரண்டு தடங்களாகப் பிரித்தன. பதவி உயர்வும் இடமாற்றமும் உள்ள தடம் 'சோகோ ஷொகு'. எழுத்தர் வேலையோடு நின்றுவிடும் தடம் 'இப்பன் ஷொகு'. சட்டப்படி இரண்டும் இருபாலருக்கும் திறந்தவை. நடைமுறையில் முதலாவதில் ஆண்களும் இரண்டாவதில் பெண்களும் நிரம்பினர். இன்றளவும் முழுநேரப் பணியிலுள்ள ஜப்பானியப் பெண்ணின் ஊதியம் ஆணின் ஊதியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். வேலைக்குச் செல்லும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பகுதிநேரமோ ஒப்பந்தமோ ஆனவர்கள். மண்ணின் மகளுக்கே இந்த நிலை எனில், மொழி தெரியாமல் போகும் நம் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஆகவே பணி உத்தரவு வந்தவுடன் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதற்கு முன், எந்தத் தடம், நிரந்தரமா ஒப்பந்தமா, எத்தனை ஆண்டு என்பதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். அங்குள்ள மொழித் தேர்வு என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகள் கொண்டது. எண் குறையக் குறையக் கடினம் கூடும். கணினித் துறையில் என்3 போதும் என்று எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அலுவலகக் கூட்டத்தில் அமர்ந்து பேசவும் வாடிக்கையாளரோடு கடிதம் பரிமாறவும் என்2 ஆவது வேண்டும். மதரஸாவில் ஏழு வருடம் ஸர்ஃபும் நஹ்வும் மனனம் செய்த பிள்ளைகள் இதைக் கண்டு மலைக்க மாட்டார்கள் என்பது நம் அனுபவம். அரபு இலக்கணத்தில் வினைச்சொல்லைப் பதினான்கு வடிவில் ஓதிப் பழகிய நாவுக்கு இன்னொரு மொழி பாரமாகாது.

மார்க்க விஷயத்துக்கு வருவோம். ஹிஜாபைத் தடை செய்யும் சட்டம் ஜப்பானில் இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. தொழிலாளர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நாட்டையோ நம்பிக்கையையோ காரணம் காட்டி ஊதியத்திலும் பணி நிலைமையிலும் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த பிறகே தொடங்குகிறது. யாரைச் சேர்ப்பது என்பதில் முதலாளிக்கு விரிந்த சுதந்திரம் உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973-இல், மிட்சுபிஷி ஜுஷி வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. ஆகையால் தலைத்துணியோடும் தொழுகையோடும்தான் வேலை செய்வேன் என்பதை நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதைக் கேட்டு மறுக்கும் கம்பெனி மறுக்கட்டும். சேர்ந்த பின் மறைந்து தொழுவதைக் காட்டிலும் அது இலகுவானது.

டோக்கியோவில் டிசம்பர் மாதம் சூரியன் மாலை நாலரை மணிக்கே மறைந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் மூன்றும் அலுவலக நேரத்துக்குள் வந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒரு மணி நேர இடைவேளை சட்டப்படி உண்டு. லுஹர் அதில் அடங்கும். மற்ற இரண்டுக்கும் ஐந்தைந்து நிமிடம் மேலாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். பணி முடிந்தபின் சக ஊழியர்கள் கூடிக் குடிக்கும் விருந்து அங்கே அலுவலகத்தின் ஓர் அங்கம் போன்றது. போகாதவரை ஒதுங்கியவராகப் பார்ப்பார்கள். இளைய தலைமுறையிடம் இந்தப் பிடிவாதம் தளர்ந்துவருகிறது என்றாலும், முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஹலால் உணவும் பள்ளிவாசலும் பெருநகரங்களில் கிடைக்கின்றன. கோபே நகரப் பள்ளிவாசல் 1935-இல் அங்கிருந்த முஸ்லிம் வணிகர்களின் பொருளால் திறக்கப்பட்டது. அவர்களுள் இந்தியர்கள் முக்கியமானவர்கள். 1945-இன் குண்டுவீச்சையும் 1995-இன் பூகம்பத்தையும் தாங்கி அது இன்றும் நிற்கிறது.

மஹ்ரம் துணையின்றிப் பெண் பயணம் செய்யலாமா என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. ஹனஃபி அறிஞர்கள் இதில் கண்டிப்பானவர்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்களின் துணையைப் போதுமானதாகக் கொண்டனர். பாதுகாப்பான வழி என்பதை வைத்து இக்காலத்தவர் சிலர் அதை மேலும் விரித்துள்ளனர். அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்க. நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. வேலைக்குப் போகும் மகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பம், நிகாஹ் முடிந்து மாப்பிள்ளை முன்னதாகவே திரும்பிவிட, மூன்று மாதம் கழித்து விசா வந்தவுடன் இருபத்திரண்டு வயது மருமகளைச் சென்னை விமான நிலையத்தில் தனியாக ஏற்றிவிடும்போது கேட்பதில்லை. அப்போது மஸ்அலா எங்கே போய்விட்டது?

அந்த மருமகள் இறங்கும் ஊரைப் பார்ப்போம். ஜப்பானிலுள்ள இந்தியர் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். டோக்கியோவின் எதோகவா வட்டத்திலுள்ள நிஷிகசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு. கறிவேப்பிலையும் புழுங்கலரிசியும் கிடைக்கும். கணவன் வேலை விசாவில் இருப்பான். அவள் டிபெண்டன்ட் விசாவில் இருப்பாள். அந்த விசாவில் இயல்பாக வேலை செய்ய அனுமதி இல்லை. தனியே விண்ணப்பித்து அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை செய்யலாம். பி.இ. படித்தவளும் எம்.எஸ்சி. படித்தவளும் இந்த 28 மணி நேரத்துக்குள் கிடைக்கும் சில்லறை வேலையைச் செய்துகொண்டோ, அதுவுமின்றி நான்கு சுவருக்குள்ளோ ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். காலை ஏழுக்குப் போகும் கணவன் இரவு ஒன்பதுக்கு வருவான். மொழி தெரியாது; மருத்துவரிடம் தலைவலி என்று சொல்லவும் கணவன் விடுப்பு எடுக்க வேண்டும்.

மணவாழ்வு நன்றாக இருந்தால் இவையெல்லாம் சபூர் செய்துகொள்ளத்தக்கவை. மணவாழ்வு கெட்டால்? டிபெண்டன்ட் விசா கணவனோடு கட்டப்பட்டது. மணவிலக்கு நிகழ்ந்தால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்த விசாவின் அடிப்படையே அத்துடன் போய்விடுகிறது. நம் ஊர்ச் சபுராளியின் மனைவிக்குக் கணவன் தொலைவில் இருந்தாலும் தாய்வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. இவளுக்குக் கணவன் பக்கத்தில் இருக்கிறான்; மற்றவர் எல்லோரும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். நல்ல மனிதனாகவே இருந்தாலும், இத்தனை அதிகாரத்தை ஒருவன் கையில் ஒப்படைக்கும் முன் பெற்றோர் யோசிக்க வேண்டாமா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெண் தன் படிப்புக்கேற்ற வேலையை அங்கேயே தேடிப் பெற்றால், டிபெண்டன்ட் விசாவைத் தன் சொந்த வேலை விசாவாக மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வேண்டியவை பட்டச் சான்றிதழும் மொழியும் கணவனின் சம்மதமும். முதல் இரண்டும் பெண்ணின் கையில் உள்ளவை. மூன்றாவதை நிகாஹுக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வந்த செய்தியின் மையம்.

சூரா அல்கஸஸில் மத்யன் நீர்த்துறையில் நிற்கும் இரு சகோதரிகளின் வரலாறு வருகிறது. தந்தை முதியவர், ஆதலால் ஆடுகளுக்கு நீர் காட்டப் பெண்மக்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் கலையும்வரை ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) உதவினார். பின்னர் அவ்விருவரில் ஒருத்தி, இவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்று தந்தைக்கு ஆலோசனை சொன்னாள். தந்தை அந்த யோசனையை ஏற்றார். மகளை மணமுடித்துத் தர முன்வந்தார். எட்டு ஆண்டு உழைப்பு என்று நிபந்தனை வைத்தார். பத்தாக்குவது உம் விருப்பம் என்றார். வேலை, நாணம், பெண்ணின் கருத்து, மாப்பிள்ளையின் குணம், திருமணம், வெளிப்படையாகப் பேசப்பட்ட நிபந்தனை ஆகிய அனைத்தும் ஆறேழு வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை நடத்தும்போது பெரும்பாலும் நாணத்தை மட்டும் விளக்கிவிட்டு மற்றவற்றைக் கடந்துபோகிறோம்.

மூன்றாவது ஒரு நிலையும் இருக்கிறது. அரிதாயினும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சென்ற பெண் ஜப்பானியர் ஒருவரை மணக்க விரும்புவது. அங்கே வெளிநாட்டவரை மணப்பது புதிதல்ல. 1985-இல் யமகட்டா மாகாணத்து அசாஹி என்ற சிற்றூரின் நிர்வாகமே, உழவர்களுக்கு மணப்பெண் கிடைக்காத நிலையில், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களை வரவழைத்து மணமுடித்து வைத்தது. 2006-இல் ஒரே ஆண்டில் 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய திருமணங்கள் பதிவாயின. பின்னர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டவராக இருந்தது மணப்பெண்ணே. ஆனாலும் 'கொசெகி' என்னும் குடும்பப் பதிவேட்டில் அந்நிய மனைவி குடும்ப உறுப்பினராக இடம்பெறுவதில்லை. கணவனின் பெயருக்குக் கீழே குறிப்பாகவே எழுதப்படுகிறாள். 2012 ஜூலை வரை வசிப்பிடப் பதிவேட்டிலும் அவள் கணவனோடும் பிள்ளைகளோடும் ஒரே ஏட்டில் பதியப்படவில்லை.

முஸ்லிமல்லாதவரோடு முஸ்லிம் பெண்ணின் நிகாஹ் கூடாது என்பதில் அறிஞர்களிடையே மாறுபாடு இல்லை. எனவே மணமகன் இஸ்லாத்தை ஏற்க வேண்டும். கலிமா சொல்லிச் சான்றிதழ் பெறுவது அரை மணி நேர வேலை. அவர் தொழத் தொடங்கி, ஒரு ரமழானைக் கடந்து, மதுவை விட்டதைக் கண்ணால் கண்ட பிறகு பேசலாம் என்று சொல்ல நம் பெற்றோருக்கு உரிமை உண்டு. அப்படி உண்மையாக ஏற்றவரை, "ஜப்பான்காரன்" என்று சொல்லி ஒதுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பிலால் (ரலி), ஸல்மான் (ரலி) பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் சமுதாயம் நாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பள்ளிவாசலில் நடக்கும் நிகாஹ் மட்டும் அங்கே திருமணமாகக் கொள்ளப்படாது. நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். கணவன் அங்கு வாழும் ஜப்பானியர் எனில், மணவிலக்கு ஜப்பானியச் சட்டப்படியே நடக்கும். இருவரும் ஒப்பிய படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தாலே மணவிலக்கு முடிந்துவிடும்; அங்கு பெரும்பாலான மணவிலக்குகள் இவ்வாறே நிகழ்கின்றன. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடக் கூடாது என்பதை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். மணவிலக்குக்குப் பின் பிள்ளையின் பொறுப்பு தாய் தந்தை இருவரில் ஒருவருக்கே என்றிருந்த சட்டத்தை, 2026 ஏப்ரல் முதல் இருவருக்கும் சேர்ந்தும் இருக்கலாம் என 2024 மே மாதம் திருத்தினார்கள். மறுபுறம், அத்தகைய மனைவிக்கான விசாவில் வேலைக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இந்த ஒன்றில் அவள் நம் டிபெண்டன்ட் மருமகளைவிட மேலான இடத்தில் இருக்கிறாள்.

நம் ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா மதத்தினரின் திருமணமும் அரசிடம் பதியப்பட வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விசாவுக்காக அவசரமாகப் பதிகிறார்கள். அந்த வேளையிலேயே பள்ளிவாசல் தஃப்தரில் நிபந்தனைகளையும் எழுதலாம். மனைவி படிக்கவும் தன் பெயரில் வேலை விசா பெறவும் கணவன் தடை செய்யமாட்டான். பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கும். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும். திரும்பி வர வேண்டிய நிலை ஏற்பட்டால் பயணச்சீட்டு அவன் பொறுப்பு. இவற்றில் ஹராமை ஹலாலாக்குவது ஒன்றுமில்லை. நிகாஹின்போது ஏற்ற நிபந்தனைகளை நிறைவேற்றுவதைப் பெருமானார் (ஸல்) மிகவும் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஹனஃபி ஃபிக்ஹில் மணவிலக்கு உரிமையை மனைவிக்கு ஒப்படைக்கும் தஃப்வீழ் என்ற ஏற்பாடும் உண்டு; கேட்டால் எழுதித் தர ஆலிம்கள் தயங்கக் கூடாது. மஹரையும் இரண்டு கிராம் மோதிரமாகச் சுருக்காமல், திரும்பி வந்தால் ஓராண்டு தாங்கும் தொகையாக வைக்கலாம். கைக்கூலி என்று வந்துவிட்டால் மட்டும் நம் கணக்கு லட்சங்களில் ஓடுகிறதே!

நம் மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் அவர்கள் பெண்களுக்கென ஒரு ஜமாஅத் அமைத்தபோது ஆலிம்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவருடைய வழிமுறைகள் அனைத்தையும் நாமும் ஏற்பவர்கள் அல்லர். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. மணமுறிவுப் பஞ்சாயத்தில் பெண்ணின் வாய்ச்சொல்லை அவள் முன்னிலையில் கேட்கும் ஜமாஅத்துகள் நம்மிடம் எத்தனை? டோக்கியோவிலிருந்து ஒரு பெண் அழைத்தால் அவளோடு பேச முத்தவல்லியிடம் ஏற்பாடு உண்டா? மாப்பிள்ளையின் தந்தையை அழைத்து விசாரிப்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வீடியோ அழைப்பில் அவள் பேச, பக்கத்தில் ஓர் ஆலிமா அமர்ந்து கேட்க, அதைத் தஃப்தரில் எழுதி வைக்க, பணம் எதுவும் செலவாகாது.

அடுத்த ஷவ்வாலில் நம் பகுதியில் நிகாஹ்கள் நிறைய நடக்கவிருக்கின்றன. மாப்பிள்ளை ஜப்பான் என்று அறிந்தால், நிச்சயதார்த்தத் தட்டு வைக்கும் முன் அவரிடம் நேரில் கேளுங்கள்: எங்கள் பிள்ளை அங்கே யார் பெயரில் உள்ள விசாவில் இருப்பாள்? எத்தனை ஆண்டில் அது அவள் பெயருக்கு மாறும்? அவள் மொழி படிக்க மாதம் எவ்வளவு ஒதுக்குவீர்கள்? பதில் சொல்ல அவருக்கு நேரம் வேண்டுமென்றால், நிச்சயதார்த்தத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.